போத்தல் ஒன்று, பெயர் பல

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்துவடிவம்)



இலக்கிய நிகழ்ச்சியொன்றில் சோடாவைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று உங்களிற் சிலர் நினைக்கக்கூடும். கம்பனும் பாரதியும் காத்திருக்க, கடையில் விற்கும் ஒரு பானத்துக்கு இவ்வளவு நேரமா என்றும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கம்பனைக் கையில் எடுப்பதற்கு முன்பே நாம் எல்லோரும் கற்றுக்கொண்ட தமிழ், வீட்டுத் தமிழும் கடைத்தெருத் தமிழுமே. அந்தத் தமிழ் ஊருக்கு ஊர் மாறும். அந்த மாற்றத்தை இழிவாகக் கருதாமல் இலக்கணத்திலேயே இடம் கொடுத்தவர் தொல்காப்பியர். செய்யுளுக்கு உரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று அவர் நான்காக வகுத்தார். செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரண்டு நிலங்களில் வழங்கும் சொற்களே திசைச்சொற்கள். பின்வந்த நன்னூலார் இவற்றோடு பிறமொழி வழங்கும் பதினேழு நிலங்களையும் சேர்த்தார். உரையாசிரியர்கள் தரும் அந்தப் பட்டியலிலே சீனமும் சாவகமும் இருக்கின்றன. சோனகமும் சிங்களமும் இருக்கின்றன.

அந்தப் பட்டியலைப் படிக்கும்போது எனக்கு நினைவுக்கு வருவது திருகோணமலை. சீனத்தின் பெயர் அங்கே சீனக்குடாவில் இருக்கிறது. சோனகர் கிண்ணியாவிலும் மூதூரிலும் வாழ்கிறார்கள். சிங்களம் சந்தையில் ஒலிக்கிறது. போர்த்துக்கேய மரபில் வந்த பறங்கியர் சிலரது வீடுகளில் பழைய போர்த்துக்கேயக் கலப்புமொழி வாழ்ந்தது. ஆங்கிலேயர் ஓர்ஸ் ஹில் என்று வழங்கிய மேட்டைத் தமிழர் உவர்மலை என்கிறார்கள். ஓசையில் இரண்டும் எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள்! துறைமுகத்தில் கப்பல் மட்டும் வந்து தங்குவதில்லை. சொல்லும் வந்து தங்குகிறது.

இனி, அந்தத் துறைமுக நகரின் ஒரு கடைக்குப் போவோம். வெயில் நேரம். தமிழர் ஒருவர் வந்து, “அண்ணன், ஒரு சோடா தாங்க” என்கிறார். கடைக்காரர் உடனே எதையும் எடுத்துக் கொடுப்பதில்லை. “என்ன சோடா?” என்று திருப்பிக் கேட்பார். நெக்டோ, ஜிஞ்சர் பியர், கிரீம் சோடா, ஒரேஞ் பார்லி என்று ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆக, ஈழத்தமிழர் வாயில் சோடா என்பது ஒரு பானத்தின் பெயரன்று, குடும்பப் பெயர். இனிப்பும் நிறமும் இல்லாத சோடாதான் தேவை என்றால், “வெறும் சோடா” என்று விளக்கிச் சொல்ல வேண்டும்.

அடுத்து ஒரு சிங்களச் சகோதரர் வருகிறார். அவர் கேட்பது ‘பீம’. குடிப்பது என்பதே அதன் பொருள். அவருக்குச் சோடா என்றால் நமது வெறும் சோடாதான். பீம என்ற சொல்லைக் கேட்டுப் பாரதத்துப் பீமனை நினைத்துச் சிரித்த தமிழ்ப் பிள்ளைகள் பலர். துறைமுகத்தின் மறுகரையில், முஸ்லிம் வீட்டு விருந்துகளிலும் நோன்பு துறக்கும் வேளையிலும் சர்பத்துக்கு ஒரு தனி இடம் உண்டு. அதில் வாயு இல்லை. ஆனால் அதன் பெயரும் குடித்தல் என்ற பொருள் தரும் அரபு வேரில் பிறந்ததே. பீம, சர்பத் என்ற இரண்டு சொற்களும் வெவ்வேறு மொழிக் குடும்பங்களைச் சேர்ந்தவை. இரண்டும் ஒரே செயலைத்தான் சொல்கின்றன.

பாக்குநீரிணையைக் கடந்தால் கதை மாறிவிடுகிறது. தமிழ்நாட்டில் சோடா என்றால் பெரும்பாலும் இனிப்பில்லாத வெறும் சோடா. இனிப்பும் நிறமும் உள்ளதற்கு அங்கே, சிறப்பாகத் தென்மாவட்டங்களில், நெடுங்காலம் வழங்கிய பெயர் ‘கலர்’. “வாங்க, ஒரு கலர் சாப்பிடுங்க” என்பது அந்த ஊர்களின் உபசரிப்பு. விருதுநகரில் 1916ஆம் ஆண்டு தொடங்கிய காளிமார்க் போன்ற உள்ளூர் நிறுவனங்கள் அந்தக் கலர்களைச் சிற்றூர்ப் பெட்டிக்கடை வரைக்கும் கொண்டுசென்றன. இன்றைய இளையவர்கள் ‘கூல்டிரிங்ஸ்’ என்று சொல்லப் பழகிவிட்டார்கள். ஆயினும் கலர் என்ற சொல் முற்றாக மறையவில்லை.

இந்தச் சிறு வேறுபாடு வாழ்க்கையில் எப்படி வந்து மோதும் என்பதற்கு நான் கேள்விப்பட்ட ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். 1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபோது கடல் கடந்து தமிழகத்தின் மண்டபம் முகாமுக்குச் சென்றவர்களில் திருகோணமலை மாவட்டத்தவரும் இருந்தார்கள். மூதூர்ப் பக்கத்துத் தாய் ஒருவர் பின்னர் ஊர் திரும்பியபின் சொன்னது இது. முகாமுக்கு அவரைத் தேடி ஓர் உறவினர் வந்திருக்கிறார். வந்தவருக்குக் கொடுக்க வீட்டில் ஒன்றும் இல்லை. கையிலிருந்த சில்லறையைக் கொடுத்து, “கடையில போய் ஒரு போத்தல் சோடா வாங்கிட்டு வா” என்று மகனை அனுப்பினார். பையன் கொண்டுவந்தது வெறும் சோடா. உறவினர் ஒரு மிடறு குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டார். விருந்தாளிக்கு இனிப்பாக ஒன்று கொடுக்க முடியவில்லையே என்று அந்தத் தாய் அழுதிருக்கிறார். ஊரையும் வீட்டையும் விட்டு வந்தபோது வராத அழுகை அன்றைக்கு வந்ததாம்.

பையன் மறுபடியும் கடைக்குப் போனான். கடைக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, “கலர்னு கேக்க வேண்டியதுதானே தம்பி? நீ சோடான்னில்ல கேட்ட?” என்றார். வெறும் சோடாவுக்குக் காசு கழித்துக்கொள்ளாமல் ஒரு கலரை எடுத்துக் கொடுத்தார். இதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அதற்குப் பிறகு நடந்தது. அடுத்த முறை அந்தப் பையன் பழக்கதோஷத்தில் சோடா என்று கேட்டபோதும் கடைக்காரர் கலரையே எடுத்துக் கொடுத்தாராம். ஒரு பிள்ளையின் சொல்லுக்காகத் தன் காதைச் சற்றுத் திருத்திக்கொண்ட அந்த மனிதரை நான் ஒரு நல்ல வாசகர் என்பேன்.

ஒரே பொருளுக்கு ஏன் இத்தனை பெயர்கள்? பெயர் சூட்டுபவரின் கவனம் எதிலே விழுகிறது என்பதைப் பொறுத்தது அது. கலர் என்றவரின் கவனம் கண்ணில் இருந்தது. சோடா என்றவர் அதன் செய்முறையை நினைத்தார். வாயுவை உண்டாக்கச் சோடா உப்பைப் பயன்படுத்திய காலத்தின் நினைவு அந்தச் சொல்லில் உறைந்திருக்கிறது. இங்கிலாந்தில் ‘பொப்’ என்றவர்கள் காதை நம்பினார்கள். தக்கையை இழுத்தவுடன் எழும் சத்தமே அந்தப் பெயர் என்று ரொபர்ட் சதே என்ற ஆங்கிலக் கவிஞர் 1812இலேயே விளக்கியிருக்கிறார். அமெரிக்காவின் வடகிழக்கில் சோடா, நடுமேற்கில் பொப், தெற்கு மாநிலங்கள் பலவற்றில் எந்த நிறப் பானமும் ‘கோக்’. அங்கே கோக் கேட்டால் “என்ன கோக்?” என்று கேட்பார்களாம். நமது திருகோணமலைக் கடைக்காரரின் கேள்வியேதான்.

இவ்வாறு பெயரிடுவது நமக்குப் புதிதும் அன்று. சங்கச் செய்யுள்களில் வரும் மதுவகைகளின் பெயர்களைப் பாருங்கள். தெளிந்திருப்பதால் தேறல். பிழிந்தெடுப்பதால் பிழி. நறுமணம் கமழ்வதால் நறவு. கண்ணும் கையும் மூக்கும் ஆளுக்கொரு பெயரை வைத்திருக்கின்றன. அவற்றைப் பழந்தமிழ் என்று போற்றுகிறோம். கலரையும் சோடாவையும் கொச்சை என்று ஒதுக்குகிறோம். சொல் பிறக்கும் முறையில் இரண்டுக்கும் வேறுபாடு கிடையாது.

சோடாவுக்கும் துறைமுகத்துக்கும் உள்ள தொடர்பு இன்னும் ஆழமானது. வாயுவைத் தண்ணீரிலே கரைக்கும் வித்தையை 1767இல் கண்டவர் யோசப் பிரீஸ்ட்லி என்ற ஆங்கில விஞ்ஞானி. லீட்ஸ் நகரில் ஒரு பியர் வடிசாலைக்கு அருகே வசித்த அவர், நொதிக்கும் தொட்டிகளின் மேல் தேங்கியிருந்த வாயுவைக் கொண்டு அதைச் செய்தார். 1772இல் அந்த முறையை நூலாகவும் வெளியிட்டார். அவர் மனதிலிருந்தது விருந்து அல்ல, மருந்து. நீண்ட கடற்பயணங்களில் மாலுமிகளைக் கொன்றுகொண்டிருந்த ஸ்கேவி நோய்க்கு இந்த நீர் உதவும் என்று அவர் நம்பினார். கப்டன் குக்கின் இரண்டாவது கடற்பயணத்துக்கு இதற்கான கருவிகளும் கொடுக்கப்பட்டன. ஆனால் சோடாவில் உயிர்ச்சத்து ‘சி’ இல்லை. நோயை அது தீர்க்கவில்லை.

நோயைத் தீர்த்தது எலுமிச்சை இனத்துப் பழங்களின் சாறு. பிரித்தானியக் கடற்படை அந்தச் சாற்றைத் தன் மாலுமிகளுக்கு வழங்க முடிவெடுத்த ஆண்டு 1795. அதே 1795 ஓகஸ்டில்தான் பிரித்தானியர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைக் கைப்பற்றினார்கள். வாடைக்காலப் புயலில் சோழமண்டலக் கரையில் ஒதுங்க இடமில்லாத கப்பல்களுக்குத் திருகோணமலைக் குடா பெரும் புகலிடம். அன்று தொடங்கி 1957வரை அவர்களின் கடற்படை அங்கே நிலைகொண்டிருந்தது. இன்று வெயிலுக்கு ஒரு கிளாசில் சோடாவை ஊற்றித் தேசிக்காய் பிழிந்து குடிக்கிறோம். மாலுமிகளுக்காக எண்ணப்பட்ட இரண்டு மருந்துகள், பலித்ததும் பலிக்காததும், நம்முடைய கிளாசிலே ஒன்றாகிவிட்டன. அந்தப் பழத்துக்கும் நமக்கு ஒரு பெயர், தமிழ்நாட்டுக்கு ஒரு பெயர்: இங்கே தேசிக்காய், அங்கே எலுமிச்சை.

ஜிஞ்சர் பியரின் கதை இன்னும் சுவையானது. இஞ்சியோடு வேர் என்ற சொல் சேர்ந்த ஒரு பழைய திராவிட வடிவம், பாளியில் சிங்கிவேரமாகி, கிரேக்கமும் இலத்தீனும் கடந்து, ஆங்கிலத்தில் ஜிஞ்சர் ஆயிற்று என்று மொழியறிஞர் விளக்குகிறார்கள். நமது கரைகளிலிருந்து கப்பலேறிய சொல் அது. பல நூற்றாண்டுகள் கழித்து ஆங்கிலப் பெயர் சூடித் திரும்பி வந்து போத்தலுக்குள் இருந்துகொண்டது. 1866இல் கொழும்பில் ஐஸ் தொழிற்சாலையாகத் தொடங்கிய நிறுவனத்தின் யானைப்படம் போட்ட போத்தலில் ஜிஞ்சர் பியர் என்று படிக்கும் தமிழ்ப் பிள்ளைக்கு, அது தன் பாட்டி அம்மியில் தட்டும் இஞ்சிதான் என்பதை யாராவது சொல்ல வேண்டாமா?

இதுவரை பானத்தின் பெயரைப் பேசினோம். இனிப் போத்தலுக்கு வருவோம். நாம் போத்தல் என்கிறோம்; தமிழ்நாட்டார் பாட்டில் என்கிறார்கள். நமக்குக் கோப்பி, டொக்டர். அவர்களுக்குக் காப்பி, டாக்டர். பிறமொழிச் சொற்களின் ஒகரத்தை நாம் ஒகரமாகவே ஏற்றுக்கொண்டோம், அவர்கள் ஆகாரமாக்கினார்கள். ஈழத்துக் கதைகள் தமிழகத்தில் நூலாகும்போது போத்தலுக்கும் கச்சானுக்கும் பொருள் சொல்லும் அருஞ்சொற்பட்டியல் சேர்ப்பதுண்டு. ஆனால் வினைச்சொல்லுக்கு அந்தத் தொல்லை இல்லை. அங்கேயும் சரி இங்கேயும் சரி, சோடாவை ‘உடைக்கிறோம்’. 1872இல் ஹிராம் கொட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற போத்தலில் கழுத்துக்குள் ஒரு கண்ணாடி உருண்டை இருந்தது. தமிழ்நாட்டார் அதைக் கோலி என்றார்கள். நமது வடபகுதியில் அந்த உருண்டைக்குப் போளை என்று பெயர். அதை விரலால் உள்ளே தள்ளும்போது சத்தத்தோடு வாயு வெளிவரும், அதுவே உடைத்தல். இன்று பிளாஸ்டிக் போத்தலின் மூடியைத் திருகித்தான் திறக்கிறோம். கண்ணாடி உருண்டை பெரும்பாலும் போய்விட்டது, உடைத்தல் போகவில்லை.

சிங்களத்தில் போத்தலுக்கு என்ன பெயர்? ‘போத்தலய’. உள்ளே இருக்கும் பானத்துக்கு நாம் இருவரும் வெவ்வேறு பெயர் வைத்தோம். அதைத் தாங்கும் பாத்திரத்துக்கு ஏறக்குறைய ஒரே பெயர். முக்கியமான வேறுபாடு முதலெழுத்தின் ஒலிப்பில் இருக்கிறது. நாம் வல்லொலியாகச் சொல்வதை அவர்கள் தொண்டையை அதிரவிட்டு மென்மையாகச் சொல்கிறார்கள்.

நேயர்களே, இந்தச் சிறிய ஒலி வேறுபாட்டை நான் வீணாகக் குறிப்பிடவில்லை. 1983 யூலை வன்செயல்களின்போது, வீதியில் மறிக்கப்பட்டவர் தமிழரா என்று கண்டுபிடிக்க, வாளியைக் குறிக்கும் ‘பால்திய’ என்ற சிங்களச் சொல்லைச் சொல்லச் சொன்னார்கள் என்பதைப் பலர் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தச் சொல்லின் முதலொலி தமிழர் நாவிலே பிசகும் என்பது அவர்களின் கணக்கு. பழைய ஏற்பாட்டின் நீதிபதிகள் நூலில், யோர்தான் நதித்துறையில் ஒரு சொல்லை உச்சரிக்கத் தெரியாதவர்கள் வெட்டப்பட்ட கதையை அறிந்திருப்பீர்கள். நம் நாட்டில் அதற்கு வாய்த்த சொல் ஒரு வாளி. அதுவும் சிங்களத்துக்குச் சொந்தமான சொல் அன்று; போர்த்துக்கேயரிடம் இரவல் வாங்கியது.

இப்போது மீண்டும் எண்ணிப் பாருங்கள். வாளியில் உயிரைப் பறித்த அதே ஒலி வேறுபாடு போத்தலிலும் இருக்கிறது. கடையிலே தமிழர் போத்தல் என்கிறார். சிங்களவர் போத்தலய என்கிறார். கடைக்காரரின் கை இரண்டுக்கும் ஒரே தட்டை நோக்கித்தான் நீள்கிறது. அவர் யாருடைய நாவையும் பரிசோதிப்பதில்லை, தாகத்தைத்தான் கேட்கிறார். ஆகவே, ஆபத்து சொல்லில் இல்லை, உச்சரிப்பிலும் இல்லை. கேட்கிறவரின் காதிலே இருக்கிறது. மண்டபத்துக் கடைக்காரரின் காதும் காதுதான். 1983இல் வீதியை மறித்து நின்றவனின் காதும் காதுதான்.

பேச்சுவழக்கைக் கதையில் எழுதலாமா என்று 1960களில் நம் நாட்டில் ஒரு பெரிய வாதம் நடந்தது. இழிசனர் வழக்கு என்று பண்டிதர் சிலர் அதைச் சாடினார்கள். மண்வாசனை வேண்டும் என்று முற்போக்கு எழுத்தாளர்கள் வாதாடினார்கள். மூதூர் தந்த வ.அ. இராசரத்தினம் ‘தோணி’ என்ற கதையில் அந்தக் கரையோர மக்களின் வாழ்க்கையை எழுதினார். அந்த வாதத்தில் மக்கள் வழக்கு வென்றுவிட்டது என்று நாம் மகிழ்ந்திருக்கிறோம். ஆனால் இன்று பொதுச்சொல் வேறு வழியாக நுழைகிறது. லேபல்களிலும் அறிவித்தல்களிலும் குளிர்பானம், மென்பானம் என்று படிக்கிறோம். குளிர்பானம் என்ற பெயர், குளிரூட்டாமல் தட்டில் கிடக்கும் போத்தலுக்குப் பொருந்தாது. மென்பானம் என்பது ஆங்கிலத்தின் நேர்பெயர்ப்பு. ஆங்கிலத்தில் மதுவகை ‘வன்மை’ உடையதாகையால் இது ‘மென்மை’ ஆயிற்று. தமிழில் வன்பானம் என்று யாரும் சொல்வதில்லை. ஆதலால் மென்பானத்தின் மென்மை எதற்கு எதிரானது என்று தமிழ்க் காதுக்குப் புரிவதில்லை.

அந்தச் சொற்களை நான் வெறுக்கவில்லை. சட்டத்துக்கும் வரிக்கும் ஒரு பொதுச்சொல் தேவை. செய்தியிலும் இருக்கட்டும். ஆனால் கதையில் ஒரு தாய் தன் வீட்டுக்கு வந்தவரிடம், “மென்பானம் அருந்துகிறீர்களா?” என்று கேட்டால், அந்தத் தாயும் அங்கே இல்லை, வீடும் அங்கே இல்லை. “இருங்க, சோடா ஒண்டு உடைக்கிறன்” என்றால், திண்ணையும் வெயிலும் அவருடைய முகமும் கண்முன் வந்துவிடும். “சுகர் இருக்கா உங்களுக்கு?” என்று கூடவே கேட்டால், காலமும் இன்றைய காலம் என்று தெரிந்துவிடும்.

எழுதும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் வழங்கும் இத்தகைய சொற்களை, யார் யாரிடம், எந்த நேரத்தில், எப்படிச் சொன்னார் என்பதோடு சேர்த்துக் குறித்துவையுங்கள். அகராதி சொல்லைக் காப்பாற்றும். சொன்னவரின் குரலைக் கதைதான் காப்பாற்ற வேண்டும். வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. அயலூர்ச் சொல்லொன்று கதையில் எதிர்ப்பட்டால், அடிக்குறிப்பைத் தேடுமுன் சற்றுக் காது கொடுங்கள். அந்தச் சொல் உங்களிடம் ஒரு கிளாஸ் தண்ணீர் கேட்டு வந்த விருந்தாளியாகவும் இருக்கலாம்.